அம்மா தெரு பார்த்த நாள்

"ஃபேமிலி ஏரியா சார்" என்று புரோக்கர் சொன்னதும் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஃபேமிலி ஏரியான்னா இன்னா?" என்று கேட்டாள். அவர் பாவம், அந்த வார்த்தையை வைத்தே பிழைப்பு நடத்துகிறவர். அதற்கு அர்த்தம் கேட்ட முதல் ஆள் அம்மாவாகத்தான் இருக்கவேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேச்சுலருங்க யாருக்கும் இங்க வீடு குடுக்கமாட்டாங்கம்மா" என்றார். "யாருக்குக் குடுக்கமாட்டாங்கன்னு நான் கேக்கலியே" என்றாள் அம்மா. அப்பா தொண்டையைச் செருமினார். வெளி ஆட்களிடம் அம்மா பேச ஆரம்பித்தாலே அப்பாவுக்குச் செருமல் வந்துவிடும்.

இப்போது வீடு மாறுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், மழை பெய்தால் தண்ணீர் நிற்குமா, பக்கத்தில் பார்க் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் செல்போனிலேயே பார்த்துவிடுகிறார்கள். என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண், "அக்கா, குழந்தைங்களோட இருக்க எந்த ஏரியா நல்லாருக்கும்?" என்று என்னிடம் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே நாலரை நட்சத்திரம் வாங்கிய ஏரியா ஒன்றைத் தேடி எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். எனக்கு அம்மா ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சென்னையில் ஏரியா பார்த்த விதத்தில் எந்தச் செல்போனும் பார்க்காது. பார்த்தால் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும்.

எங்களுக்கு ஊர் பாண்டிச்சேரிப் பக்கம் ஏம்பலம். கரும்பும் நெல்லும் பயிர்வைக்கிற குடும்பம். நிலத்தைப் பெரியப்பா பார்த்துக்கொண்டார். அப்பா மட்டும் தாம்பரம் தாண்டி ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். நாலைந்து பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்து, சனிக்கிழமை ராத்திரி அழுக்குத் துணிமூட்டையோடு வருவார். திங்கட்கிழமை விடிவதற்குள் துவைத்த மூட்டையோடு கிளம்பிவிடுவார். நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு தம்பி.

தம்பிக்கு ஏழு வயதாகியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கும். கூப்பிட்டால் திரும்புவான், திரும்பாமலும் இருப்பான், அது அவன் இஷ்டம். அழிச்சாட்டியம் கிடையாது, அழுகை கிடையாது. ஒரே ஒரு வியாதிதான். சக்கரம் வைத்த எது போனாலும் அதன் பின்னாலேயே போய்விடுவான். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. பாரம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக ரோட்டில் ஆடி ஆடிப் போகும். மற்ற பிள்ளைகள் பின்னால் ஓடிப்போய்க் கரும்பை உருவுவார்கள். தம்பி கரும்பைத் தொடவேமாட்டான். அந்தப் பெரிய சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நடப்பான், நடப்பான், நடந்துகொண்டே இருப்பான்.

ஆனால் ஒருநாளும் தொலைந்ததில்லை. டிராக்டர்காரரே கரும்புக் கட்டின் மேல் அவனை ராஜா மாதிரி உட்காரவைத்துத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். அபிஷேகப்பாக்கத்துப் பால்காரர் சைக்கிள் கேரியரில் ஏற்றி வந்து இறக்கியிருக்கிறார். ஒருமுறை சாராயக்கடையிலிருந்து ஒருவர் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் இருந்த நிலையில் யார் யாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்வது கஷ்டம். வருகிற அத்தனை பேரும் வாசலில் நின்று அம்மாவைத் திட்டாமல் போகமாட்டார்கள். "ஏம்மா, புள்ளைய ரோட்ல வுட்டுட்டு உள்ள இன்னாதான் பண்ணிக்கினு இருக்க?" என்பார்கள். அம்மா விடுவாளா? "கொண்டாந்து வுட்ட இல்ல, கெளம்பு. இதெல்லாம் உம் பொண்டாட்டிகிட்ட போய் கேளு" என்பாள். சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுப்பாள். அவர்களும் திட்டிக்கொண்டே குடித்துவிட்டுப் போவார்கள்.

தம்பிக்குத் தினமும் பயிற்சி கொடுத்தால் பேச்சு வர வாய்ப்பிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அந்த மாதிரிப் பள்ளிக்கூடம் ஒன்று அப்பாவின் கம்பெனிக்குப் போகிற வழியிலேயே இருந்தது. எல்லாருமாகச் சென்னைக்கே போய்விடுவது என்று முடிவாயிற்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சென்னையில் லிஃப்ட் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வில்லியனூரிலிருந்து பெரியத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா. நான் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் பொம்மைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அது அவர்களுக்குத் தெரியாது. அத்தை குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் சொன்னாள். "இங்கன்னா நாலு பேரு கொண்டாந்து வுடறாங்க. அந்த ஊர்ல எவன் கொண்டாந்து வுடுவான்? காலையில வெளிய போச்சின்னா போனதுதான். இந்த மாதிரி புள்ளைங்களுக்குன்னே ஹோம் இருக்குதாம். அங்க சேத்துட்டு, பொண்ணயாவது நல்லா படிக்க வை. கோச்சிக்காத, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அம்மா ஏதாவது சொல்லுவாள், அத்தையை வாங்கு வாங்கென்று வாங்குவாள் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். பதில் பேசாத அம்மாவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சரி, ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து தம்பியின் பக்கத்தில்தான் படுத்துக்கொண்டேன்.

வீடு பார்க்கப் போன அன்று பாண்டியில் பஸ் ஏறியதும் அம்மா என்னிடம் சொன்னாள், "அங்க போயி தம்பி கைய புடிச்சிக்கினே இருக்காத. நான் வுடுன்னா வுட்டுடணும், புரியுதா?" புரிந்தது. எனக்கா புரியாது? திண்டிவனம் வருவதற்குள் மனதுக்குள் மாரியாத்தாவுக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். தம்பி ஜன்னல் வழியாக லாரிச் சக்கரங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தான்.

முதலில் போன தெரு அப்படியொரு அழகு. ரெண்டு பக்கமும் மரம், பெரிய பெரிய கேட், கேட்டுக்கு உள்ளே நாய், கேட்டுக்கு வெளியே நாய் ஜாக்கிரதை என்று பலகை. "சத்தமே இல்ல பாத்தியா" என்றார் அப்பா, ஏதோ அவரே அந்த அமைதியை உண்டாக்கியது போல. லிஃப்டும் இருந்தது. அப்பாவும் புரோக்கரும் அதில் ஏறி மேலே போனார்கள். அம்மா வரவில்லை என்றுவிட்டாள். "நீ வுடு" என்று என்னிடம் சொல்லித் தம்பியின் கையை வாங்கினாள். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர வண்டி ஒன்று கடகடவென்று போயிற்று. அம்மா வாங்கிய கையை விட்டுவிட்டாள்.

தம்பி போய்விட்டான். வண்டி போகிறது, பின்னால் தம்பி போகிறான், அம்மா ஒரு காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நின்று பார்க்கிறாள்.

"அம்மா, அவன் போறாம்மா!"

"போவட்டும், நீ சும்மா நில்லு."

எதிரே பேசிக்கொண்டு வந்த ரெண்டு பெண்கள் அவனுக்கு ஒதுங்கி வழிவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ஒரு கார் ஹாரன் அடித்தது. அவன் ஒதுங்காததால் மெதுவாக வளைத்துக்கொண்டு போயிற்று. ஒரு வாட்ச்மேன் அவன் தன்னுடைய கேட்டைத் தாண்டுகிறவரை கண்ணெடுக்காமல் பார்த்தார். தாண்டியதும் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். யாரும் அவனை ஒன்றும் செய்யவில்லை. அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஓடிப்போய், மெயின் ரோட்டுக்கு முன்னால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். திரும்பினால் அம்மா என் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறாள், மூச்சு வாங்க, ஒரு காலில் செருப்பில்லாமல். என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. "உன்ன யாருடி ஓட சொன்னது?"

அப்பா லிஃப்டிலிருந்து முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தார். "இது வேணாம்" என்றாள் அம்மா.

"ஏன்?"

"சமையக்கட்டுல வெளிச்சம் இல்ல."

"நீ மேலயே வரலியே!"

"இங்கருந்தே தெரியுது" என்றாள். புரோக்கர் அண்ணாந்து மேலே பார்த்தார்.

ரெண்டாவது தெருவில் வீடு தரைத்தளம், தண்ணீர் நல்ல தண்ணீர், பயிற்சிப் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். அப்பா மனதுக்குள் கட்டில் பீரோவெல்லாம் போட்டுவிட்டார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் தம்பியின் கையை விடுவதாக இல்லை. அம்மா என்னை, "போயி பாத்ரூம்ல குழா நல்லா வருதான்னு பாத்துட்டு வா" என்று உள்ளே அனுப்பினாள். ஓட்டமாக ஓடித் திறந்து மூடிவிட்டு வந்தேன். அதற்குள் தம்பி இல்லை. அம்மா மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் அவனை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். சட்டை இஸ்திரி கலையாத, மெதுவாகப் பேசுகிற மனிதர். அவன் தலையைத் தடவிவிட்டு, "ஸ்பெஷல் சைல்டாம்மா?" என்று கேட்டார். அம்மா தலையாட்டினாள். "வீட்ல வச்சுக்கறது ரொம்ப சிரமம்மா. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹோம் இருக்கு, நல்லா பாத்துக்குவாங்க. அட்ரஸ் தரட்டுமா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை. அம்மா வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நானோ அந்த 'ஹோம்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தம்பியை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டேன். அத்தை முன்னாலேயே இவருக்குச் சொல்லிவைத்திருப்பாளோ என்றுகூட நினைத்தேன்.

"வாசல் தெக்க பாத்து இருக்குது" என்றாள் அம்மா, அப்பாவிடம்.

"கெழக்கு பாத்த வாசல்மா இது!"

"இருக்கட்டும், எனக்கு புடிக்கல."

பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். புரோக்கருக்கும் கொடுத்தோம். அவர் நன்றாகச் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை. யாரும் பார்க்காதபோது என் சடையிலிருந்து ரிப்பனை உருவி, ஒரு முனையைத் தம்பியின் மணிக்கட்டிலும் இன்னொரு முனையை என் மணிக்கட்டிலும் கட்டி, மூன்று முடிச்சுப் போட்டேன். இனி யார் விடு என்றாலும் கை விடாது பார், என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது தெருவைப் பார்ப்பதாகவே இல்லை. வேறொரு வீட்டுக்குப் போகிற வழியில் அது குறுக்கே வந்தது, அவ்வளவுதான். மாவு மில்லை ஒட்டி 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கிய வீடு ஒன்றைக் காட்டி அம்மா நின்றுவிட்டாள். "அம்மா, இது உங்களுக்குச் சரிப்படாது. தண்ணி உப்பு, மில்லு சத்தம் வேற" என்றார் புரோக்கர். "பாத்துட்டுதான் போலாமே" என்றாள் அம்மா. அப்பா, இன்னும் எத்தனை பார்க்கவேண்டுமோ என்கிற முகத்தோடு அவருடன் உள்ளே போனார்.

தெரு குறுகல். முனையில் இஸ்திரி வண்டி, அதற்கு எதிரே தையல்கடை. பாதித் தெருவை யாரோ வீடு கட்டக் கொட்டிய மணல் அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர், ஆட்டோ, சைக்கிள் என்று தம்பிக்குக் கண் கொள்ளவில்லை. அம்மா குனிந்து ரிப்பனைப் பார்த்தாள். "இன்னாடி இது, கன்னுக்குட்டி மாதிரி கட்டிவச்சிருக்க?" என்று மூன்று முடிச்சையும் பல்லால் கடித்து அவிழ்த்தாள். நான் தம்பியை எட்டிப் பிடிப்பதற்குள் என் கையைப் பற்றிக்கொண்டாள். பிடிக்கவேண்டிய பிள்ளையை விட்டுவிட்டு, எங்கேயும் போகாத என்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேஸ் சிலிண்டர் ஏற்றிய வண்டி ஒன்று ணங் ணங்கென்று போயிற்று. தம்பி அதன் பின்னால் நடந்தான்.

இந்த முறை தெரு திரும்புகிறது. வண்டி திரும்பியது, தம்பியும் திரும்பினான். ஆள் கண்ணுக்கே தெரியவில்லை.

"அம்மா! வுடும்மா என்ன!"

"இரு."

அவள் நகங்கள் என் மணிக்கட்டில் இறங்கின. வலி உயிர் போயிற்று. நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். நான் கத்தியதற்குத்தான் அப்படிக் கிள்ளுகிறாள் என்று இன்னும் பலமாக அழுதேன்.

அப்போது திருப்பத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. "யார் குழந்தை இது? ஏய், யார் குழந்தைப்பா?" அப்பேர்ப்பட்ட தொண்டையை நான் அதுவரை கேட்டதில்லை. அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். அங்கே ஒரு பெண் ஸ்கூட்டரைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. ஒரு கையால் தம்பியின் கையைப் பிடித்திருந்தாள். பின்னால் ரெண்டு ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. "அடிங்க, நல்லா அடிங்க! குழந்தை நிக்கிறது கண்ணு தெரியல?" என்று அவர்களுக்கும் ஒரு கத்து. இஸ்திரிக்காரர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். தையல்கடைக்காரர் கழுத்தில் டேப்போடு வந்தார். தலையில் துண்டு சுற்றிய ஒரு அம்மாள் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்து, "நான் மேல இருந்து பாத்துனே இருக்கேன், யாரு வூட்டு புள்ளடா தனியா போவுதுன்னு. எறங்கறதுக்குள்ள இவ்ளோ தூரம் வந்துடுச்சி" என்றாள். தம்பி இது எதையும் கண்டுகொள்ளாமல் குந்தி உட்கார்ந்து ஸ்கூட்டரின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம் புள்ளதாங்க" என்றாள் அம்மா.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். "நீங்கல்லாம் ஒரு அம்மாவா? கையைப் பிடிச்சுக்கத் தெரியாது? வண்டிக்கு அடியில போயிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று ஹெல்மெட். "ஊருக்கு புதுசாமா? இந்த முனையில லாரி திரும்பும்மா. வாயில்லாத புள்ளைய வுட்டுட்டு எங்க வேடிக்க பாக்கற?" என்று இஸ்திரிக்காரர். அழுதுகொண்டிருந்த என்னைக் காட்டி, "இதையும் அடிச்சிருக்கா பாரு" என்று மாடி அம்மாள். தையல்காரர் மட்டும் போய்த் தம்பிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்தார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "தப்புதாங்க" என்றாள். அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரம், அவள் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்ததைப் பார்த்ததுதான். இத்தனை பேர் காறித் துப்பாத குறையாகத் திட்டுகிறார்கள், இவளுக்கு என்ன சிரிப்பு?

சத்தம் கேட்டு அப்பாவும் புரோக்கரும் ஓடிவந்தார்கள். புரோக்கர் அப்பாவின் காதில், "வாங்க சார் போலாம். இந்தத் தெருவுல எல்லாருக்கும் வாய் ஜாஸ்தி, அடுத்தவங்க வூட்டு விஷயத்துல தலையிடுவாங்க" என்றார்.

"இந்த வூடுதான்" என்றாள் அம்மா.

அப்பாவுக்குச் செருமல்கூட வரவில்லை. "தண்ணி வாயில வைக்க முடியல" என்றார்.

"குடிக்கறதுக்கு கேன் வாங்கிக்கலாம்."

"சமையக்கட்டுல ரெண்டு பேரு நிக்க முடியாதுமா."

"நான் ஒருத்திதான சமைக்கப்போறேன்? பேசி முடிச்சிட்டு வாங்க."

சொல்லிவிட்டு அம்மா அந்த ஹெல்மெட் பெண்ணிடம் போய், உங்க வீடு எது என்று கேட்டு வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே ஒரு பச்சை கேட்டைக் காட்டினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று பேர் இருக்கை. அப்பா முன்னால் எங்கோ உட்கார்ந்துவிட்டார். தம்பி அம்மாவின் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. செங்கல்பட்டு தாண்டியதும் அம்மா என் மணிக்கட்டை எடுத்துப் பார்த்தாள். வரிசையாக நகம் பதிந்து சிவந்திருந்தது. அதன்மேல் தன் விரலை வைத்துத் தடவினாள். நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

"இன்னாடி கோவம்?"

"நீ தம்பிய தொலைக்கதான பாத்த?"

கேட்டுவிட்டேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடி விழவில்லை.

"ஆமாண்டி" என்றாள் அம்மா. "தொலைச்சிட்டு, குடுக்கறாங்களான்னு பாத்தேன். குடுத்துட்டாங்க."

சொன்னவள் அதோடு நிறுத்தவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். ஆமாம் என்று தன் வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்டாளே! கொடுத்துவிட்டார்களே என்று அழ வேறு அழுகிறாளே! இப்படியும் ஒரு தாய் இருப்பாளா? தம்பியின் கால்கள் ரெண்டையும் இழுத்து என் மடியில் போட்டு, கணுக்காலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அழுது முடித்ததும் அம்மா மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கெட்டியா புடிச்சிக்க, ஒரு நிமிஷம் கண்ண மூடறேன்" என்றாள். சொன்ன மறு நிமிஷமே வாயைத் திறந்துகொண்டு அப்படியொரு தூக்கம், பாண்டி வருகிறவரை. நான் தூங்கவில்லை. அவளை நம்பித் தூங்க எனக்கென்ன பைத்தியமா?